லேப்டாப் கெட்டால் பரணில் போட வேண்டியதுதானா?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அண்ணா பிறந்த நாள்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்று பெரிய விழா. மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை, அப்போது முதல்-அமைச்சராக இருந்த ஜெயலலிதா அங்குதான் தொடங்கி வைத்தார்.

அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத குடும்பங்கள் அவற்றில் ஏராளம்.

அந்த லேப்டாப்புகள் இப்போது எங்கே?

பரணைப் பாருங்கள். பீரோவுக்கு மேலே பாருங்கள். பழைய துணி மூட்டைக்குப் பக்கத்தில் ஒன்று கிடக்கும். கேட்டால், "அது கெட்டுப்போச்சு" என்பார்கள். அவ்வளவுதான் பதில்!

என்ன கெட்டது? அதை யாரும் கேட்பது இல்லை.

மிக்சி ஓடாவிட்டால், "கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்" என்று வீட்டுப் பெண்களே சொல்லிவிடுகிறார்கள். சைக்கிள் பஞ்சர் ஆனால் யாராவது சைக்கிளைத் தூக்கி எறிவார்களா? லேப்டாப்பும் அப்படித்தான். அதிலும் பல பாகங்கள் உண்டு. ஒன்று போனால் ஒன்றை மாற்றலாம். பேட்டரி தனி. விசைப்பலகை தனி. திரை தனி. விசிறி கூட தனி!

டீ கொட்டினால்...

வீடுகளில் அதிகம் நடப்பது இது. பையன் படித்துக் கொண்டிருப்பான். பக்கத்தில் டீ டம்ளர். தங்கை ஓடி வருவாள். கை பட்டுவிடும்.

"ஐயோ அம்மா, கொட்டிடுச்சு!"

அம்மா ஓடிவந்து துணியால் துடைப்பார். பையன் உடனே "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று பொத்தானை அழுத்துவான். அங்கேதான் ஆபத்து! தண்ணீரால் கெடுவதைவிட, ஈரத்தோடு மின்சாரம் பாய்வதால் கெடுவதே அதிகம்.

செய்ய வேண்டியது வேறு. முதலில் சார்ஜர் வயரைப் பிடுங்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட வேண்டும. லேப்டாப்பை விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து வைத்தால் உள்ளே போனது கீழே வடியும். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயன் இல்லை. அடுப்பருகே வைப்பதும் கூடாது. டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. அவை உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல அரிக்கும். ஆகவே, காய்ந்த பிறகும் கடையில் கொடுத்து, திறந்து துடைத்த பின்புதான் போட வேண்டும்.

இரும்புத் தூசி!

கும்மிடிப்பூண்டிக்கு ஒரு தனிக் கதை உண்டு. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும் இருக்கின்றன. லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளில் தூசிக்குப் பஞ்சம் இல்லை.

லேப்டாப்பின் உள்ளே ஒரு சிறு விசிறி சுற்றுகிறது. அது வெளிக்காற்றை இழுத்துச் சூட்டைத் தணிக்கிறது. காற்றோடு தூசியும் உள்ளே போய்ப் பஞ்சு போல அடைத்துக் கொள்ளும். பிறகு சூடு ஏறும். "இரைச்சல் போடுகிறது, தானாக அணைந்து விடுகிறது" என்று சொல்லும் லேப்டாப்பில் பெரும்பாலும் நோய் இதுதான். சாதாரணத் தூசி அடைக்கும். இரும்புத் தூளோ மின்சாரத்தையும் கடத்தும்!

ஆண்டுக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்தால் போதும். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். அடியில் உள்ள காற்றுத் துளைகளை மூடிவிட்டால் விசிறி என்ன செய்யும், பாவம்!

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கி விடுவதும் நல்லது.

விளையாடக் கூடாதது ஒன்று உண்டு. அது பேட்டரி. லேப்டாப்பின் அடிப்பாகம் உப்பினாலோ, விசைப்பலகை மேலே தள்ளினாலோ, உள்ளே பேட்டரி வீங்கி இருக்கலாம். அதைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடிக்கும்! பழைய இரும்புக் கடைக்கும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்வது எல்லாம் வேதமா?

"மதர்போர்டு போச்சு. புதுசு வாங்கிக்குங்க" என்று ஒரு கடையில் சொன்னால், இன்னொரு கடையிலும் காட்டுவது நல்லது. திரை இருட்டாக இருந்தால், வேறொரு திரையில் இணைத்துப் பார்க்கச் சொல்லலாம். அதில் படம் தெரிந்தால் மதர்போர்டு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடும் பழைய லேப்டாப்பில், சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் ஓட்டம் பிடிக்கும். கொடுப்பதற்கு முன் படங்களையும் பாடங்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை.

எல்லாம் சரி. ஆனால் கடை எங்கே?

பெரிய பழுது என்றால், கும்மிடிப்பூண்டியில் இருந்து பலர் மின்சார ரெயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போகிறார்கள். ஆலையில் கூலி வேலை பார்க்கும் தகப்பனார் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால்தான் லேப்டாப் பரணுக்குப் போகிறது. இதில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பொருளைப் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால், லேப்டாப்பே ஓடாதவருக்கு இணையதளம் மட்டும் போதுமா? பக்கத்தில் ஒரு மேஜையும், கையில் ஸ்குரு டிரைவர் வைத்திருக்கும் ஓர் ஆளும் வேண்டும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், தாலுகாவுக்கு ஓர் இடம். பாகத்துக்கு உரிய விலையை மட்டும் வாங்கலாம். பிள்ளைகளுக்குத் தொழில் வரும். பரணில் கிடப்பதும் இறங்கும்.

2025-ம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவித்தார்கள். அந்த ஒவ்வொரு பெட்டியின் மேலும், "கெட்டால் இங்கே வாருங்கள்" என்று பக்கத்து ஊர் விலாசம் ஒன்றை ஒட்டிக் கொடுத்தால் என்ன?