ஓர் அங்குலம் என்றால் எவ்வளவு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் மகளும் கிள்ளானில் ஒரு பேரங்காடிக்கு மளிகைச் சாமான் வாங்கப் போனோம். முதல் மாடியில் ஒரு சலூன் கண்ணில் பட்டது. வாசலில் 'முடி வெட்ட 40 வெள்ளி' என்று பலகை. நுனி வெட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் கூட்டமும் இல்லை. வந்த கையோடு முடித்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன்.

என் முடி மூன்று அடி நீளம். இடுப்புக்குக் கீழே தொங்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் சொல்ல வரும் விஷயத்துக்கு அந்த அளவு தேவைப்படுகிறது.

கொண்டையை அவிழ்த்ததும் அங்கிருந்த மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நீ போ', 'நான் மாட்டேன்' என்று கண்ணாலேயே ஒரு பேச்சுவார்த்தை. கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டபடி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"ஏன்க்கா இவ்ளோ முடிய வச்சிக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க? தோள் வரைக்கும் வெட்டிடலாமா?"

"வேணாம்மா. நுனியில ஓர் இஞ்ச் மட்டும் போதும்."

"நீள முடிக்கு விலை வேற. தெரியும்ல?"

எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

முடியை அலசும்போது பக்கத்தில் இருந்தவரிடம் மலாய் மொழியில் எண்ணெய் நாற்றம் என்று ஒரு வார்த்தை சொன்னார். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு மலாய் புரியாது என்று எப்படி நினைத்தாரோ தெரியவில்லை. பிறகு ஈர முடியில் உச்சந்தலையிலிருந்து சீப்பை இறக்கினார். சிக்கில் மாட்டியதும் இழுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இவ்ளோ முடி இருந்தா அப்படித்தான்க்கா" என்றார்.

கத்தரி சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் நடப்பதை நான் எப்படிப் பார்ப்பது? முடிந்ததும் தரையைப் பார்த்தேன். அங்கே கிடந்தது ஓர் அங்குலம் இல்லை. ஐந்து அங்குலம்.

"நுனியெல்லாம் வெடிச்சிருந்திச்சிக்கா. அதான் எடுத்துட்டேன். இப்பதான் நல்லா இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லமா." அதோடு நிற்கவில்லை. கேட்ட 75 வெள்ளியைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதும் படிவம் இரண்டு படிக்கும் என் மகள் கேட்டாள்: "ஏம்மா ஒன்னுமே சொல்லல? ஸ்கூல்ல யாராச்சும் தப்பா நடந்துகிட்டா வாயத் தொறந்து சொல்லுன்னு என்கிட்ட மட்டும் சொல்றீங்க?"

வீடு வரும்வரை என்னிடம் பதில் இல்லை.

ஐந்து அங்குல முடிக்கா இவ்வளவு வருத்தம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் என் கணவரும் அதைத்தான் கேட்டார். "வளரும்தானே?" வளரும். அன்றிரவு தூக்கம் வராமல் நான் போட்ட கணக்கும் அதைப் பற்றியதுதான்.

முடி சராசரியாக மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிறது. வருடத்துக்கு ஆறு அங்குலம். அது வேரிலிருந்துதான் வளரும். அதனால் நுனியில் இருப்பதுதான் வயதில் மூத்த முடி. மூன்று அடி முடியின் நுனிக்கு ஏறக்குறைய ஆறு வயது. என் அம்மா இறந்து ஐந்தரை வருடம் ஆகிறது. அப்படியென்றால் கடைசி மூன்று அங்குலம், அம்மா உயிரோடு இருந்தபோது முளைத்த முடி.

அம்மா கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்பும் முன், விளக்கு வெளிச்சத்தில் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுத்தான் போவார். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கமாட்டார், பின்னல் இருக்கும். கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். கை நடுங்கினாலும் வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். சலூனில் நாறியது அந்த எண்ணெய்தான்.

அந்த நுனி என்றைக்காவது போகத்தான் போகிறது. அது எனக்கும் தெரியும். பத்துமலையில் தைப்பூசத்தன்று வரிசையில் நின்று மொத்த முடியையும் இறக்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு வருகிறவர்கள் நாம். கொடுப்பதற்கு நமக்கு மனசு இருக்கிறது. நாமாகக் கொடுப்பது வேறு, கேட்காமல் எடுத்துக்கொள்வது வேறு.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் தோழி, இப்படி ஓர் அனுபவத்துக்குப் பிறகு பல வருடமாகச் சலூன் பக்கமே போகாமல், குளியலறைக் கண்ணாடி முன் தானே வெட்டிக்கொள்கிறாராம். இன்னொருவரின் மகன் தோளுக்குக் கீழே முடி வளர்க்கிறான். நுனி வெட்டப் போனவனை, "பொம்பளை மாதிரி இருக்கே" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார்களாம். சில கடைகள் சுருள் முடியைப் பார்த்தாலே, நேராக்கும் மருந்துக்கான விலைப் பட்டியலை நீட்டுகின்றன.

எல்லோரும் அப்படியில்லை, நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தாமானில் ஒரு சீன ஆன்ட்டி கடை வைத்திருந்தார். முடியை விரலிடுக்கில் பிடித்து, கண்ணாடியில் காட்டி, "சம்பாய் சினி, போலே?" என்று கேட்பார். நான் 'போலே' என்று சொன்ன பிறகுதான் கத்தரி நகரும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்துக்குப் பிறகு அவர் கடையை மூடிவிட்டார். அவர் அருமை இப்போதுதான் தெரிகிறது.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் பதினோரு வருடமாகச் சலூன் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"சித்தி, கோவிச்சுக்காதீங்க. நீள முடின்னா எங்களுக்கும் பயம்தான்" என்று ஆரம்பித்தாள். காலையிலிருந்து இரவுவரை நின்றே வேலை. மணிக்கட்டும் தோளும் எப்போதும் வலி. அவள் கடையில் அடிப்படைச் சம்பளம் குறைவு, மீதியெல்லாம் செய்யும் தலைக்குத் தகுந்த கமிஷன். மூன்று அடி முடியை அலசி, சிக்கெடுத்து, வெட்டிக் காயவைக்க ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் மூன்று குட்டை முடிக்காரர்களை முடித்துவிடலாம். இதில் ஒரு வாரத்து எண்ணெயும் சிக்குமாக, முன்கூட்டிச் சொல்லாமல் சனிக்கிழமை வந்து நின்றால் எரிச்சல் வருமாம். எனக்குச் சுருக்கென்றது. நான் போனதும் சனிக்கிழமைதான்.

"ஆனா சித்தி, அந்தக் கஷ்டத்துக்கு விலை வைக்கலாம். கத்தரியை எடுக்கிறதுக்கு முன்னாடியே விலையைச் சொல்லணும். கோவத்த முடி மேல காட்டக் கூடாது. அது நான் வேலை கத்துக் குடுக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்ற முதல் பாடம்."

அவள் சொன்ன யோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

போகும் முன் போன் செய்து முடியின் நீளத்தைச் சொல்லுங்கள். விலையும் அப்போதே கேளுங்கள். கூட்டமில்லாத வார நாளில் போங்கள். நீள முடியைப் பிடிக்காத கடை என்றால், அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

முதல் நாளே தலை முழுகி, சிக்கெடுத்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய் வைப்பது தப்பு என்பதற்காக இல்லை. எண்ணெய் முடியில் வெட்டு சீராக வராது.

நீள முடியை நுனியிலிருந்து சீவத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். ஈரத்தில் முடி பலவீனமாக இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால், "நுனியிலிருந்து சீவுங்க" என்று சொல்லுங்கள். சொல்லியும் கேட்கவில்லையென்றால் சீப்பை வாங்கி நீங்களே சீவுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈர முடி இழுத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தில் ஓர் அங்குலம் வெட்டினால், காய்ந்த பிறகு அதற்கு மேல் போனதுபோல் தெரியும். சுருள் முடியில் இது இன்னும் அதிகம். நுனி மட்டும் வெட்டுவதென்றால் காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லலாம்.

அளவை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தையல்காரர் நாடாவை வைத்து அளக்கிறார். சலூனில் நாடா இல்லை, ஆளுக்கோர் அங்குலம். உங்கள் கட்டை விரலின் மேல் கணு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். அதைக் காட்டுங்கள். முதல் துண்டை வெட்டியதும் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதிகமாக இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

நுனி வெடிப்பை எந்த எண்ணெயும் ஒட்ட வைக்காது, வெட்டத்தான் வேண்டும் என்பது உண்மை. அதையும் நம்மிடம் சொல்லி, கேட்டு வெட்டட்டும்.

மீறி நடந்துவிட்டால், முதலில் கடை முதலாளியிடம் பேசுங்கள். ரசீதை வைத்திருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். பேசியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால், 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

என் ஐந்து அங்குலத்துக்கு நான் தீர்ப்பாயம் போகவில்லை. ஆனால் மகளின் கேள்வி விடவில்லை. அடுத்த புதன்கிழமை மதியம் அந்தக் கடைக்கே போனேன். அதே பெண் இருந்தார்.

"சண்டை போட வரலம்மா. நான் ஓர் இஞ்ச்தான் கேட்டேன். நீங்க அஞ்சு இஞ்ச் வெட்டிட்டீங்க. எண்ணெய் நாற்றம்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சுது. எனக்கு வருத்தமா இருந்திச்சி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சாரிக்கா" என்றார். "நீங்க பரவால்லன்னு சொன்னீங்களா, பிடிச்சிருக்குன்னு நெனச்சிட்டேன்."

கேட்டுவிட்டு வெட்ட வேண்டியது கத்தரி பிடித்தவரின் பொறுப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் என்னுடைய அந்தப் 'பரவால்ல' அவரை எப்படித் திருத்தியிருக்கும்? எனக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகும் இன்னொரு நீள முடிக்காரிக்குத்தான் அது என்ன உதவி செய்திருக்கும்?

போன வாரம் மகளுக்கு முடி வெட்ட வேறொரு கடைக்குப் போனோம். போன் செய்துவிட்டுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை விரலை நீட்டி, "இவ்ளோதான். வெட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் சலூன் நாற்காலியில் 'பரவால்ல' சொல்லிவிட்டு வந்த அனுபவம் இருக்கிறதா? அடுத்த முறை அந்த வார்த்தை வாயில் வரும்போது, ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.