உண்மைக்குப் பின் உடனிருத்தல்

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் ஓசையின்றி வளர்ந்து, கைமீறிய பின்னரே தன்னைக் காட்டிக்கொள்ளும் கொடுநோய். எமானுவேல் பெர்கோ இயக்கி, 2021 கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘தெ சோன் விவான்’ என்னும் பிரெஞ்சுப் படத்தின் நாயகன் பெஞ்சமினைப் பற்றியிருப்பது அந்நோயே. நாற்பதை எட்டாத வயது, நடிப்புக்கலை ஆசிரியர். தாயோடு வந்து மருத்துவர் எத்தேயின் முன் அமர்கிறார். குணப்படுத்த இயலாது என்கிறார் மருத்துவர். சிகிச்சை நாள்களைச் சற்றே நீட்டலாம், எஞ்சிய நாள்களைத் தாங்கத் தக்கவையாக்கலாம். அதற்கு மேல் அவர் எதையும் வாக்களிப்பதில்லை. ஆனால் இறுதிவரை அவர் பெஞ்சமினைக் கைவிடுவதுமில்லை.

இப்படத்தின் உயர்வு அந்த உடனிருப்பில்தான் உள்ளது.

எத்தேயாகத் தோன்றுபவர் தொழில்முறை நடிகர் அல்லர். லெபனானில் பிறந்து, நியூயார்க்கில் புற்றுநோய் மருத்துவராகப் பணிபுரிந்த கப்ரியேல் சாரா. நாள்தோறும் செய்துவந்த பணியையே திரையிலும் செய்தார். வாழ்வு என்னும் மேசையை ஒழுங்குபடுத்திவிடுமாறு எத்தே பெஞ்சமினை வேண்டுகிறார். அம்மேசையில் கிடப்பதோ இளமையில் பிறந்த மகனை ஏற்காது விட்ட பழி. பெஞ்சமினாக வாழ்ந்துகாட்டிய பெனுவா மாஜிமெல் 2022இல் செசார் விருது பெற்றார், தகுதியான பெருமை. தாயாக நடித்த கத்ரின் தெனவ் படப்பிடிப்பின் இடையே, 2019 நவம்பரில், மூளைத் தாக்கத்துக்கு உள்ளாகி, நலம்பெற்றுத் திரும்பி வந்து நடித்துமுடித்தார். மகனைப் போகவிட மறுக்கும் தாயின் பிடிவாதம் அவர் முகத்தில் மெல்ல மெல்லத் தளர்வதைக் காண நெஞ்சுரம் வேண்டும்.

படத்தில் கண்ணீர் சற்று மிகுதிதான். ஆயினும், எத்தே செவிலியரை ஒன்றுகூட்டி, மறைந்த நோயாளிகளைப் பற்றி மனம்விட்டுப் பேசச் செய்வதையும் பாடச் செய்வதையும் மிகை என்று தள்ள நாம் உடன்படோம். நாளும் சாவைக் காண்பவர் தம் துயரைக் கொட்ட இடமின்றி, மறுநாள் இன்னொரு கட்டிலருகே எவ்வாறு அமர்வார்?

தம் உடல்நிலையை அறியும் உரிமையைப் பிரான்சில் நோயாளிக்கு உறுதிசெய்தது 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டம். அறிய விரும்பாதோரின் விருப்பத்தையும் அது மதிக்கிறது. உண்மையைச் சொல்லுமாறு சட்டம் பணிக்க இயலும். சொன்னபின் அருகிருப்பதற்கு ஆளும் பொழுதும் படுக்கையும் வேண்டும். நோய்த்தணிப்பு மருத்துவத்தைத் தேவைப்படுவோர் அனைவர்க்கும் உரிமையாக்கிய சட்டம் 1999லேயே வந்துவிட்டது. எனினும் கால் நூற்றாண்டு ஆகியும் ஏறத்தாழ 20 மாவட்டங்களில் அதற்கென ஒரு தனிப்பிரிவுகூட இல்லை என்னும் நிலை நீடித்தது.

2025 மே 27 அன்று அந்நாட்டுத் தேசியப் பேரவை இரு முன்வரைவுகளை ஏற்றது. நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு எதிராக ஒரு வாக்கும் விழவில்லை. இறப்பதற்கு உதவி பெறும் உரிமைக்கு ஆதரவாக 305, எதிராக 199. இரண்டாவதன் அறம் குறித்து நேர்மையாளர் இரு பக்கமும் உளர். முதலாவதற்கு நிதி ஒதுக்குவதில் காலத்தாழ்வு கூடாது என்பதே நம் வற்புறுத்தல். வலியைத் தணிக்க ஒரு படுக்கை கிடைக்காத ஊரில் வாழ்பவரிடம் சாவை நாடும் உரிமை முந்திச் சென்று சேருமாயின், அதைத் தேர்வு என்றழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.