மீன்தானே என்று சொல்லாதீர்கள்

ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு ஏஜாக்ஸ், மார்க்கம் பக்கம் வீடு வாங்கிப் போகிற குடும்பங்கள் எங்கள் ஆட்களில் நிறைய. சோபா, சாமிப்படம், அம்மாவின் இடியப்ப உரல் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி தயாராக இருக்கும். வரவேற்பறை மூலையில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டிக்கு மட்டும் எந்தத் திட்டமும் இருக்காது. "அதைக் கடைசியாப் பாப்பம்" என்பார்கள். "மீன்தானே, செத்தா வேற வாங்கலாம்" என்றும் ஒரு குரல் வரும்.

இந்த இரண்டு வசனங்களோடும் எனக்குச் சண்டை. கடல்நீர்த் தொட்டியை, வீட்டுச் சாமான் ஏற்றும் அதே நாளில் மாற்றக்கூடாது. அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க முடியாதென்றால், மீன்களை முன்கூட்டியே வேறொருவரிடம் கொடுத்துவிடுவதுதான் நேர்மை.

முதலில், "வேறு வாங்கலாம்" என்பதைப் பார்ப்போம். நீமோ என்று நாங்கள் அழைக்கும் கோமாளி மீன்களில் பெரும்பாலானவை இன்று பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றன. ஆனால் டோரி அப்படி இல்லை. அந்த இனத்தை முதன்முதலாகப் பண்ணை முறையில் வளர்த்துக் காட்டியதே 2016இல், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில்தான். கடைகளில் இருக்கும் கடல் மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. இலங்கைக் கடலிலும் சுழியோடிகள் மூழ்கிப் பிடித்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிறார்கள். விமானம் ஏறி, கடை மாறி, உங்கள் வீட்டுக்கு வந்து உயிரோடு நிற்கும் மீன் அது. ஒரு கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுக்கு மேலும் வாழும். அதை ஒரு சனிக்கிழமை அவசரத்தில் கொல்வது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, நாங்கள் உண்மையில் எதை மாற்றுகிறோம் என்பது. பலர் நினைப்பது கண்ணாடி, தண்ணீர், மீன் என்று. தொட்டியை உயிரோடு வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியா நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. லைவ் ரொக் என்று விற்கிறார்களே, அந்தப் பாறையிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாறை காய்ந்தால் இவை சாகும். அப்புறம் எவ்வளவு பழைய தண்ணீரைக் காவிக்கொண்டு போனாலும் உங்களிடம் இருப்பது ஒரு புதுத் தொட்டிதான், அதற்குள் பழைய மீன்கள்.

நான் வேலை செய்வது கணினித் துறையில். ஒரு நிறுவனத்தின் தரவுகளைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, புதியது ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழையதை அணைக்கமாட்டோம். மீன்தொட்டிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். இரண்டு வீட்டுச் சாவியும் கையில் இருக்கும் சில நாட்கள் பலருக்குக் கிடைக்கும். அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். புது உப்புநீரை முதல் நாளே கலந்து, பம்ப் போட்டு, 25 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி வையுங்கள். ரொறொன்ரோ குழாய்நீரில் குளோரமைன் இருக்கிறது. ஓரிரவு திறந்து வைத்தால் அது போய்விடாது. ஆகவே ஆர்.ஓ. நீர்தான் நல்லது.

மாற்றும் நாளுக்கு முதல் நாளே சாப்பாட்டை நிறுத்துங்கள். அன்று ஹீட்டரை முதலில் அணைத்து ஆறவிடுங்கள். மேலே இருக்கும் தெளிந்த நீரை வாளிகளில் எடுங்கள். பாறைகளை அந்த நீரிலேயே மூழ்க வையுங்கள். பாறை போய், நீரும் குறைந்த பிறகு மீனைப் பிடிப்பது சுலபம். மூடியுள்ள வாளி, பட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப், இரண்டும் கட்டாயம். உப்புநீரில் ஒட்சிசன் நன்னீரை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். வாளிகள் லொறியின் பின்பக்கம் போகக்கூடாது, சூடாக்கிய காருக்குள் போகவேண்டும். ஜனவரி என்றால் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

பழைய மணலை அப்படியே கொண்டுபோக வேண்டாம். அடியில் வருடக்கணக்காகத் தேங்கிய கழிவு கலங்கினால் அம்மோனியா ஏறும். நன்றாகக் கழுவுங்கள், அல்லது புதிது வாங்குங்கள். தண்ணீரோடு தொட்டியைத் தூக்கவும் வேண்டாம். 200 லீட்டர் கடல்நீர் மட்டும் 205 கிலோ, கண்ணாடி ஒட்டுகள் அந்த அசைவைத் தாங்காது. புது வீட்டிலும், மரத்தளம் என்றால், சுவரோரமாக, தளத்தின் அடிமரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். பாறையும் நீரும் உள்ளே போய், வெப்பமும் உப்பும் சரியான பிறகே மீன் உள்ளே போகவேண்டும்.

"இதற்கெல்லாம் லீவு எங்கே, காசு எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடு மாறுவதே பெரிய பாரம், அதிலும் அப்பா அம்மாவின் வேலை நேரங்களுக்கு நடுவே. அதனால்தான் சொல்கிறேன், கொடுத்துவிடுவது தோல்வி இல்லை. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பரையோ, மீனைத் திரும்ப எடுக்கும் கடையையோ ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். ஒன்ராறியோ ஏரிகள் நன்னீர். கடல் மீன் அங்கே பிழைக்காது, அது விடுதலையும் இல்லை.

கொண்டுபோவதென்று முடிவெடுத்தால், முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியாவை அளந்து பாருங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள், புது மீன் வாங்காதீர்கள். பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் திகதி தெரிந்ததும், அதற்கு முந்திய ஒரு நாளை மீன்களுக்கென்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்த நாளில் வேறு எந்தப் பெட்டியும் தூக்க வேண்டாம்.