கூடும் இடம் எங்கே?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கலக்கும் ஊர் திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு உள்ளது. கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்து ‘வீரசோழன்’ என்ற பெயரில் இயங்கிய ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், இரவில் எரிய ஒரு விளக்கு என ஒவ்வொன்றுக்கும் நிவந்தம் வகுத்திருக்கிறார்கள்.

அருகிலுள்ள உத்திரமேரூரில் மற்றொரு கல்வெட்டு. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறையை வகுத்தது அது. மாபாதகம் புரிந்தோர் ஊர்ச்சபைக்கு வரலாகாது என்கிறது. மது அருந்துதல் அம்மாபாதகங்களுள் ஒன்று. ஒரு கல் விலக்குகிறது. மற்றொரு கல் படுக்கை விரிக்கிறது. குடிநோயாளியைப் பொறுத்தமட்டில் நம் பங்குகள் எந்தக் கல்லைப் படித்து நடக்கின்றன? விலக்கிய கல்லைத்தான் என்பதே நம் குற்றச்சாட்டு. அது நம்மையும் சேர்த்தே.

கணவன் குடிக்கிறான் என்று கண்ணீரோடு வரும் பெண்ணுக்கு நாம் சொல்வதென்ன? செபியுங்கள், வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்லுங்கள், பீடத்தின் முன் சத்தியம் செய்யச் சொல்லுங்கள். அவனும் செய்கிறான். தவக்காலம் முழுவதும் தொடாமலும் இருக்கிறான். பாஸ்கா ஞாயிறு மாலையில் மீண்டும் விழுகிறான். உடனே அவனைச் சத்தியம் மீறியவன் என்கிறோம். செபமும் சத்தியமும் தவறல்ல. சத்தியத்திற்கு மறுநாள் அவனைத் தனியே விட்டோமே, அதுதான் தவறு. காய்ச்சல்காரனிடம் இனிக் காயமாட்டேன் என்று எழுதி வாங்குவோமா?

குடியை நிறுத்த ஒருவனுக்குத் துணை நிற்பவர்களுள் முதன்மையானவன், குடித்து நிறுத்திய மற்றொருவன். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இது விளங்கிற்று. வெளியூர் வணிகரான பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடம் அழைத்தது. அவரோ அங்கு மாட்டியிருந்த ஆலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசினார். தன்னைப் போன்ற குடிகாரர் ஒருவரோடு பேசவேண்டும் என்றார். அத்தேடல் அவரை மருத்துவர் பாப் என்பவரிடம் சேர்த்தது. அவ்விருவர் உரையாடலிலிருந்து பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. 1939இல் அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேசியா, குடிநோயாளிகளுக்குக் கதவைத் திறந்தார். இந்தியாவில் அவ்வமைப்பு 1957 முதல் உள்ளது.

இன்றிரவு நம் பங்கு இல்லத்திற்கு அத்தகைய அழைப்பு வந்தால், எங்கு செல்லச் சொல்வோம்? மதுக்கடையை எவரும் தேடவேண்டியதில்லை. 2003 முதல் அரசு நிறுவனமே அதை நடத்துகிறது. நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. மீள்வோர் கூடும் கூட்டங்களோ பெரும்பாலும் நகரங்களிலேயே நடக்கின்றன. மாலையில் கழனியை விட்டேறும் ஒருவன் பேருந்தேறி நகரத்திற்குச் சென்று, கூட்டம் முடிந்து எப்போது வீடு திரும்புவான்?

“இது நம் சமய முறையன்றே” என்பார் உளர். அங்கு எச்சமயமும் போதிக்கப்படுவதில்லை. நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வெளியார் பணத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. இடத்திற்கு வாடகையும் கொடுப்பார்கள். “சிற்றூரில் இரகசியம் தங்குமா?” என்பார் வேறு சிலர். அவன் வாய்க்கால் மேட்டில் விழுந்து கிடந்ததை ஊரே கண்டதே. அவன் எழுந்து நடப்பதைக் காணத்தான் கூச்சமா? எனினும் அந்த அச்சம் உண்மையானது. பெண்களுக்கு இன்னும் பெரியது. அடுத்தடுத்த பங்குகள் இடம் கொடுத்தால், இவ்வூரார் அவ்வூரில் சென்று அமரலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பல்லாண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், உயிரே போகலாம். ஆகவே முதலில் மருத்துவமனை, பின்பு கூட்டம். சிற்றூரில் இதெல்லாம் நடக்குமா என்று ஐயுற வேண்டாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியிருக்கிறது.

நாம் கேட்பது பெரிதன்று. திருமணத்திற்கும் நிச்சயதார்த்தத்திற்கும் திறக்கும் பங்கு மண்டபத்தில் வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம். குடும்பத்தார் தனியே கூட மற்றோர் அறை. 1951 முதல் அவர்களுக்கென ‘அல்-அனான்’ என்னும் அமைப்பு உள்ளது. ஆலய அறிவிப்புப் பலகையில், ஓலைகளுக்குப் பக்கத்தில், கூட்டம் நடக்கும் நாளும் இடமும், 14446 என்ற தேசிய உதவி எண்ணும். பங்குத்தந்தை தலைமை தாங்க வேண்டாம். சாவியைக் கொடுத்தால் போதும்.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைச் சுமந்து சென்ற நால்வர் கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்கினார்கள். நம் மண்டபத்தின் கூரையை எவரும் பிரிக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து, இருட்டியபின் ஒரு விளக்கை ஏற்றி வைப்போம். திருமுக்கூடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு எண்ணெய் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர்.