படிப்புக்கும் கைபேசிக்கும் போட்டி: தோற்பது யார்?

(நமது சயான் நிருபர்)

கல்லூரி திறந்ததும் ரெயில் நிலைய கவுண்ட்டர்களில் சலுகை பாஸ் எடுக்க மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு கையில் கல்லூரி கொடுத்த சலுகைச் சீட்டு. மறு கையில் கைபேசி. "எத்தனை மாதத்துக்கு?" என்று இரண்டு முறை கேட்டால்தான் தலை நிமிர்கிறது.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், தாராவியிலும் செம்பூரிலும் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள், 'ஏ.டி.கே.டி.' விழுந்ததை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது சிரிப்பு வரவில்லை. தவறிய பாடத்தைப் பிறகு எழுதலாம். கைநழுவிய வேலை திரும்பி வருமா?

தடை போதுமா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் இண்டர்நெட் மலிவானது. 2020-ல் கொரோனா காலத்தில் வகுப்பே கைபேசிக்குள் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 29-ந் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி டிக்டாக்குக்கு மத்திய அரசு தடை விதித்தது. பெற்றோர் பலர் நிம்மதி அடைந்தனர். ஆனால் ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமில் 'ரீல்ஸ்' வந்தது. செப்டம்பரில் யூடியூபில் 'ஷார்ட்ஸ்' வந்தது. கடையின் பெயர்தான் மாறியது. சரக்கு மாறவில்லை.

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதற்கான தடை 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. நம் நாட்டில் 2023-ம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றியே பெற்றோர் சம்மதம் கேட்கச் சொல்கிறது. கல்லூரி மாணவனோ 18-ஐத் தாண்டியவன். சட்டத்தின் கை அவனை எட்டாது.

கணக்கு சொல்வது என்ன?

நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024-ம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வில், கைபேசியைக் கையாளத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியிருந்தனர். சமூக வலைத்தளத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். நாளைக்குக் கல்லூரிக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான்.

படிப்பில் மனம் இல்லாததால் வலைத்தளத்துக்குப் போனானா, வலைத்தளத்துக்குப் போனதால் படிப்பை விட்டானா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். நாளுக்கு 24 மணி நேரம்தான். நாம் ஓவர்டைம் பார்த்தால் கூலி நமக்கு. பிள்ளை இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்தால் விளம்பர வருமானம் கம்பெனிக்கு. அதனால்தான் அதற்கு முடிவே வைக்கவில்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வருகிறது.

வசதியுள்ள வீட்டுப் பையன் ஓர் ஆண்டை இழந்தால் டியூஷனுக்குப் போய் ஈடுகட்டுவான். நம் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

செய்ய வேண்டியது

கைபேசியைப் பிடுங்குவது தீர்வு ஆகாது. பாடக் குறிப்பும், கல்லூரி அறிவிப்பும் அதில்தான் வருகின்றன. மேலும், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்க, டி.வி.யும் ஓடும்போது, அவனுக்கென்று இருக்கும் ஒரே மூலை அந்தக் கைபேசிதான். கல்யாண் லோக்கலில் நாமும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டுதானே வருகிறோம்!

மாநகராட்சியின் படிப்பறைகள் எல்லோருக்கும் போதாது. விழாவுக்குப் பந்தல் போடும் நம் சங்கங்கள், இரவு 8 முதல் 11 மணி வரை தங்கள் அறையைப் படிப்பதற்குத் திறந்துவிடலாம். வாசலில் ஒரு பெட்டி வைத்துக் கைபேசிகளை அதில் போடச் சொல்லலாம். செலவு விளக்கும் மின்விசிறியும்தான்.

விட நினைத்தும் விட முடியாத பிள்ளையை அடிக்க வேண்டாம். பெங்களூர் நிம்கான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. இங்கே சயான் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும் ஆலோசனை கேட்கலாம். அதில் வெட்கம் எதற்கு?

"பையன் படிக்கவில்லை" என்று குறை கூறுமுன், அவன் உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் மூன்று மணி நேர அமைதியும் கொடுத்தோமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.