'மனசைத் திடமா வச்சுக்கோ' என்பது மருந்தல்ல

எங்கள் அத்தைக்குச் சரவாங்கி வந்து பல வருஷங்கள் ஆகின்றன. காலை ஐந்துக்கு விழித்தாலும் ஏழு மணிவரை விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார். ஜாக்கெட் கொக்கி போட மகள் வர வேண்டும். பத்து மணிக்கு மேல் விரல்கள் இளகும், காய் நறுக்குவார். அதைப் பார்க்கும் உறவினர்கள், "காலையில முடியாதது இப்ப மட்டும் எப்படி முடியுது?" என்பார்கள். மெல்ல மெல்ல அவர் கோயிலுக்குப் போவதை விட்டார், சீரியல் பார்ப்பதை விட்டார், பேச்சையும் விட்டார். "வலின்னா மனசு சோரத்தான் செய்யும். மனசைத் திடமா வச்சுக்கோ" என்றது வீடு. நானும் அதையேதான் சொன்னேன்.

அது ஆறுதல் இல்லை. ஒரு நோயைக் கவனிக்காமல் தட்டிக்கழிக்கும் பேச்சு.

சரவாங்கி வயதானால் வரும் தேய்மானம் அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. 72 ஆய்வுகளை, 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013-இல் வெளியானது. சரவாங்கி உள்ளவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு நோய் இருப்பதாக அது கணித்தது. வலி எல்லோருக்கும் உண்டு. மனச்சோர்வு வலியின் இயல்பான நிழல்தான் என்றால், அது ஆறு பேர் மீதும் அல்லவா விழ வேண்டும்?

அப்படியானால் அந்த ஒருவர் மட்டும் மனோதிடம் இல்லாதவரா? இதற்கு விடை வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட உடலே சுரக்கும் புரதம் அது. அந்த ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே, அதுவரை மனக்கோளாறே இல்லாத பலரும் மனச்சோர்வில் விழுந்தார்கள். ஊசி போட்ட பிறகு அவர்கள் கோழைகளாகிவிடவில்லை. எதிர்ப்புச் சக்தியின் கொந்தளிப்பு மூளையையும் தொடும் என்பதற்கு அவர்களே சாட்சி. சரவாங்கியிலும் அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் பெருகிக் கிடக்கின்றன. அசதி, தூக்கக் கேடு, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றில் அவற்றுக்கும் பங்குண்டு.

"மூட்டு சரியானால் மனசும் சரியாகும்" என்பார்கள். வீக்கம் அடங்கினால் சிலருக்கு மனம் தெளிகிறது, உண்மைதான். ஆனால் மனம் தெளியாவிட்டால் மூட்டு சரியாவதும் கடினமாகிறது. வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை "போட்டு என்ன ஆகப்போகிறது" என்று விட்டுவிடுபவர்களில் மனம் சோர்ந்தவர்களும் உண்டு. நோயின் கடுமையை அளக்க மருத்துவர்கள் 28 மூட்டுகளை அழுத்திப் பார்க்கிறார்கள். நோயாளி தம் நிலைக்குத் தாமே தரும் மதிப்பெண்ணையும் சேர்க்கிறார்கள். மனச்சோர்வு அந்தக் கணக்கை ஏற்றிவிடும். மனசுக்கு வேண்டிய சிகிச்சை கிடைக்காமல், மூட்டு மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும் அபாயம் இதில் உண்டு.

"ஏற்கெனவே கைநிறைய மாத்திரை, இதில் மனசுக்கும் வேறயா? பழகிவிட்டால் விட முடியாதே" என்ற பயமும் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்துகள் போதைப் பொருள்போல அடிமைப்படுத்துவதில்லை. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாக நிறுத்தலாம். மருந்தோடு முடிவதும் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் உதவுகின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், சரவாங்கி நோயாளிக்கு ஆண்டுதோறும் ரத்த அழுத்தத்தோடு மனச்சோர்வையும் பார்க்கச் சொல்கிறது. நம் மருத்துவமனைகளில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையில் அளவு எவ்வளவு என்று பார்க்கிற அக்கறை இதற்கும் வேண்டும்.

கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒரு மருத்துவர் இவற்றைக் கேட்டபோது அத்தை வெகுநேரம் அழுதார். அன்றுதான் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. இன்றும் காலையில் அவர் விரல்கள் மடங்குவதில்லை. ஆனால் சாயங்காலம் கோயிலுக்குப் போகிறார்.

உங்கள் வீட்டில் சரவாங்கியோடு ஒருவர் இருந்தால், இன்றே அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழையுங்கள். அறிவுரை மட்டும் சொல்லாதீர்கள்.