முதல் பயிற்றுவிப்பாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

எங்கள் நாட்டுப் பெண்கள் உதைபந்தாட்ட அணி வெளிநாடு சென்று தோற்றுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுத்தான் காதில் விழுகிறது. பயிற்றுவிப்பாளர் சரியில்லை, ஆளை மாற்ற வேண்டும், முடிந்தால் ஐரோப்பாவிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சு. உப்புவெளிக் கடற்கரையில் மாலையில் பந்தடிக்கும் பையன்களிடமும் இதே பேச்சு. இக்கல்லூரியின் பழைய மாணவி என்ற வகையிலும், இப்போது இங்கே 16 வயதுக்குட்பட்ட அணிக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற வகையிலும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது கொழும்பிலிருந்து பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். நல்லதுதான். ஆனால் தரம் 6இல் பின்னம் படிக்காத பிள்ளைக்கு அந்த இரண்டு நாளில் அவர் என்ன செய்வார்? தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரும் அந்தக் கருத்தரங்கு ஆசிரியர் போலத்தான். ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையில் கடைசியாக வருபவர் அவர். போட்டிக்கு முன் சில கிழமைகள்தான் பிள்ளைகள் அவர் கையில் இருப்பார்கள். அதற்கு முந்திய பத்து வருடங்கள் யார் கையில் இருந்தார்கள், அந்தக் கைக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பதே என் கேள்வி.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2022 ஜூலை 31 அன்று வெம்பிளி மைதானத்தில் 87,192 பேர் பார்த்திருக்க, இங்கிலாந்துப் பெண்கள் ஜேர்மனியை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். 2025இல் பாசல் நகரில் ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று அதைத் தக்கவைத்துக் கொண்டார்கள். இரண்டு முறையும் பயிற்றுவிப்பாளர் நெதர்லாந்தைச் சேர்ந்த சரீனா வீக்மன். "பார்த்தீர்களா, வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்!" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பொறுப்பேற்றது 2021 செப்டெம்பரில். 1998 முதல் 2013 வரை பதினைந்து வருடம் அதே கதிரையில் ஹோப் பவல் என்ற பெண் இருந்தார். அவரும் கெட்டிக்காரிதான், 2009இல் அணியை ஐரோப்பிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அவருடைய வீராங்கனைகளில் பலர் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்கு வந்தவர்கள். 2009இல்தான் அந்நாட்டுச் சங்கம் 17 பேருக்கு ஆண்டுக்கு 16,000 பவுண் வீதம் ஒப்பந்தம் கொடுத்தது. இங்கிலாந்தில் ஒரு குடும்பம் அந்தக் காசில் வாழ முடியாது. 2011இல் எட்டுக் கழகங்களோடு பெண்கள் சுப்பர் லீக் தொடங்கியது. பிறகு பெரிய கழகங்கள் காசு இறக்கின. பிள்ளைகள் முழுநேரமாகப் பயின்றார்கள். பவலுக்கும் வீக்மனுக்கும் நடுவில் நடந்தது இதுதான். வீக்மன் அறுவடை நேரத்தில் வந்தவர்.

பயிற்றுவிப்பாளர்களும் கழகத்தில்தான் விளைகிறார்கள். எமா ஹேய்ஸ் பன்னிரண்டு வருடம் செல்சி கழகத்தின் பெண்கள் அணியோடு இருந்தார். அமெரிக்கா 2024இல் அவரை அழைத்துக்கொண்டது. சில மாதத்தில், ஓகஸ்ட் 10ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசிலை 1–0 என வென்று தங்கம் வாங்கினார்கள்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மன்செஸ்டர் யுனைடெட் 2005இல் தன் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டு 2018இல்தான் மறுபடி தொடங்கியது. உலகத்திலேயே காசுள்ள கழகங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்! 2023 வரை மேல்மட்ட லீக்கில் ஆடிய ரெடிங் பெண்கள் அணி, ஆண்கள் கழகத்தின் உரிமையாளருக்குக் காசுமுடை வந்ததும் 2024இல் ஐந்தாம் மட்டத்துக்கு இறங்கியது. ஆண்பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சியதைப் பெண்பிள்ளைக்கு வைக்கும் வீட்டில், ஒருநாள் சோறு குறைந்தால் யார் பட்டினி என்று நம் வீடுகளில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நமக்குக் கிட்டிய உதாரணம் மதுரையில் இருக்கிறது. சேது கல்வி நிறுவனங்களை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் உரிமையாளராக இருக்கும் சேது உதைபந்தாட்டக் கழகம் 2016இல் தொடங்கியது. மிஞ்சியதைத் தின்ன அங்கே பெரிய ஆண்கள் அணி எதுவும் இல்லை. பெண்கள் அணிதான் அதன் முகம். 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் பொலிஸ் அணியை 3–1 என வென்று இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றினார்கள். பயிற்றுவிப்பாளர் அம்ரிதா அரவிந்த், ஒரு பெண். அந்த அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் இடம்பிடித்தவர், தமிழ்நாட்டுப் பொலிஸில் உப பரிசோதகராகவும் இருக்கிறார். நேபாளத்தின் கோல் இயந்திரம் சபித்ரா பண்டாரியும் சேதுவுக்கு ஆடியவர், பின்னர் பிரான்ஸ் வரை போனார். நேபாள அணிக்கு மதுரைக் கழகமொன்று சோறு போட்டிருக்கிறது. நேபாளப் பயிற்றுவிப்பாளர் யாராக இருந்தாலும் அந்தப் பலன் அவருக்குத்தான்.

இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர் கதிரையோ பஸ் நிலையத்து வாங்கு மாதிரி. 2023 முதல் 2025 வரை அதில் இருந்து எழும்பியவர்கள் பலர். அவ்வளவு மாற்றத்துக்கு நடுவிலும், 2025 ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். அன்று பொறுப்பிலிருந்த கிறிஸ்பின் சேத்ரி, ஒடிசா கழகத்தோடு லீக்கை வென்று காட்டியவர். அவரையும் கழகம்தான் தந்தது.

கழகம் இல்லாமல் தேசிய அணி வெல்லவே முடியாதா என்று கேட்டால், முடியும். பங்களாதேஷ் வென்றது. களசிந்தூர் என்ற கிராமத்து ஆரம்பப் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளைகள் உட்பட ஒரு கூட்டத்தை டாக்காவில் சம்மேளனக் கட்டடத்திலேயே தங்கவைத்து, கோலாம் ரப்பானி சோட்டன் நீண்ட காலம் பயிற்சி கொடுத்தார். 2022இல் தெற்காசியக் கிண்ணம் அவர்கள் கையில். கூரை திறந்த பஸ்ஸில் டாக்கா வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். ஆறேழு மாதம் கழித்து, ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு மியன்மார் போகக் காசில்லை என்று சம்மேளனம் அதே அணியை அனுப்பாமல் விட்டது. சோட்டன் விலகினார். இங்கிலாந்துக்காரர் பீற்றர் பட்லர் வந்தார், 2024இல் கிண்ணத்தை மீண்டும் வென்றார்கள். 2025 ஜனவரியில் தலைவி சபீனா காத்தூன் உட்பட 18 பேர் அவரிடம் பயிற்சி எடுக்க மாட்டோம் என்று எழுந்து நின்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்குப் படுவது வேறு. பலமான கழகம் உள்ள நாட்டில் தேசியப் பயிற்றுவிப்பாளரோடு ஒத்துவராத பிள்ளை தன் கழகத்துக்குத் திரும்பிச் சென்று ஆடலாம். அங்கே தங்குமிடம், சம்பளம், பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். கூரைக்குச் சொந்தக்காரரோடு பிணங்கினால் போக்கிடம் குறைவு.

மொரோக்கோ வேறு வழி பிடித்தது. 2020இல் அந்நாட்டுச் சம்மேளனம் பெண்கள் லீக்கைத் தொழில்முறையாக்கி, கழக வீராங்கனைகளின் சம்பளச் சுமையைத் தானே ஏற்றது. 2022இல் ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டி, 2023இல் முதல்முறையாக உலகக் கிண்ணம். அங்கே ஜூலை 30 அன்று தென்கொரியாவுக்கு எதிராக நுஹைலா பென்சீனா ஹிஜாபோடு இறங்கினார். முதியோர் உலகக் கிண்ணத்தில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் அவர். அவருடைய கழகமும் ஓர் இராணுவக் கழகம்தான். தலையை மறைத்து ஆடலாம் என்று விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2011இல், ஈரானியப் பெண்களை அதே காரணத்துக்காக அம்மானில் மைதானத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆகவே "உடுப்புப் பிரச்சினை" என்று இப்போதும் என்னிடம் சொல்லும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: அது தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

இனி நம் வீட்டுக் கதை. இந்த நாட்டில் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பலமான கழகங்கள் எவை? இராணுவம், கடற்படை, விமானப்படை. காரணம் எளிது. அங்கே மாதச் சம்பளம் உண்டு, மைதானம் உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சீருடை அணியப் போவதில்லை. எங்கள் பகுதித் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளில் அதற்குப் போகிறவர்கள் மிகவும் அரிது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை கிண்ணம் தூக்கியவர்கள். பாடசாலை அளவில் வடக்கு, கிழக்குப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்களல்ல. உயர்தரம் முடிந்த மறுநாள் அந்தக் கால்கள் எங்கே போகின்றன?

மேலேயிருந்து காசு வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2023–2026 காலத்துக்கு ஒவ்வோர் உறுப்புச் சம்மேளனத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரை பீபா ஒதுக்கியிருக்கிறது. அந்த 2023ஆம் ஆண்டிலேயே, ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் பிற்பகுதி வரை, நிர்வாகச் சண்டையால் இலங்கை தடையில் கிடந்தது. தடையென்றால் ஆட்டமும் இல்லை, உதவியும் இல்லை. பெரியவர்கள் கதிரைக்குச் சண்டை பிடித்ததற்கு எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடமாவது யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? ஆகவே கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நம் பக்கத்தில் ஒரு கழகம் வேண்டும் என்கிறேன்.

1921 டிசம்பரில் இங்கிலாந்துச் சங்கம் பெண்களை முடக்கியபோது, பெண்கள் பந்தடிக்கக் கூடாதென்று சட்டம் போடவில்லை. அதற்கு அதிகாரமும் இல்லை. தன் உறுப்புக் கழகங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாதென்றது, அவ்வளவுதான். முந்திய வருடம் டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரில் 53,000 பேரைக் கூட்டிய ஆட்டம் அரை நூற்றாண்டுக்குப் படுத்துவிட்டது. நம் ஊரிலும் யாரும் தடை போடவில்லை. மைதான நேர அட்டவணையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மணிநேரம் கிடையாது, அவ்வளவுதான். நான் இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டேன். ஒரு முறை பதில் வந்தது, "ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளது" என்று.

வாப்பாமார், உம்மாமார் என்னிடம் சொல்லும் தயக்கங்களை நான் மதிக்கிறேன். ஆண் பயிற்றுவிப்பாளர் என்றால் வேண்டாம். மஃரிபுக்குப் பிந்தக் கூடாது. பஸ்ஸில் தனியே வரக் கூடாது. வேலியில்லாத மைதானத்தில் வீதியால் போகிறவன் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடாது. நானும் ஒரு பிள்ளையின் தாய், இதில் எதையும் அற்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், இவையெல்லாம் காசால் தீர்கிற காரியங்கள். பெண் பயிற்றுவிப்பாளருக்குச் சம்பளம், ஒரு வேன், மைதானத்தைச் சுற்றிப் பச்சை வலை. மார்க்கப் பிரச்சினை என்று நாம் பேசுவதில் பாதி வரவுசெலவுப் பிரச்சினை.

பரிசளிப்பு விழா மேடைக்கும் பெரிய வெற்றிக் கிண்ணத்துக்கும் நம்மூரில் அனுசரணை தேட வேண்டியதில்லை, வரிசையில் நிற்பார்கள். ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் சம்பளம் என்று கேட்டால் "யோசிப்போம்" என்பார்கள். எங்கள் அணியின் முன்னாள் தலைவி ஒருத்தி உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அடிப்படைப் பயிற்றுவிப்பாளர் பாடநெறி செய்ய ஆசை. அவளுக்கு அதற்கான செலவும், முடித்து வந்ததும் ஒரு வருடத்துக்குச் சம்பளமும் கிடைத்தால், இக்கல்லூரிக்கு மட்டுமல்ல, நிலாவெளி வீதியெங்கும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு முதல் பயிற்றுவிப்பாளர் இருப்பாள். கொழும்பில் யார் தேசியப் பயிற்றுவிப்பாளர் என்ற வழக்கைப் பிறகு பேசலாம்.

பழைய மாணவிகள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு இந்தக் கணக்கை எழுதி எடுத்து வருகிறேன். பெற்றோரும் வந்து கேள்வி கேளுங்கள். வேன்காரரிடம் பேசியாயிற்று. சனி, ஞாயிறு அசர் தொழுத பின் பிள்ளைகளை ஏற்றி, மஃரிப் பாங்குக்கு முன் அவரவர் வாசலில் இறக்கிவிடச் சம்மதித்திருக்கிறார். வலைக்கு ஒரு கடைக்காரர் விலை சொல்லியிருக்கிறார். மைதானத்துக்கு மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறேன்.